மௌனம் சம்மதம் அல்ல

எங்கள் சபையின் வட்ஸ்அப் குழுமத்தில் மூன்று மொழிகள் ஓடுகின்றன. மூத்தவர்கள் தமிழில் எழுதுகிறார்கள்; கண் மங்கியவர்கள் குரல் பதிவு அனுப்புகிறார்கள். பிள்ளைகள் பிரெஞ்சில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். 1977 இல் வந்த 101ஆம் சட்டத்தால் இங்கு குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பாடசாலைகளில்தான் படிக்கிறார்கள். ஆகவே அம்மம்மாவுக்குத் தெரியாத மொழியில் பேரப்பிள்ளை வளர்கிறது. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்பவர்கள் முப்பதுகளில் இருக்கும் நாங்கள். அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் குடியிருந்து, பிள்ளைகளை வளர்த்து, எங்களில் சிலர் தாதியராக இரவும் பகலும் மாறிமாறி வேலை செய்துகொண்டு, மிச்ச நேரத்தில் இந்தக் குழுமத்துக்கு மொழிபெயர்ப்பாளராகவும் இருக்கிறோம்.

அந்த இடத்தில் நின்று பார்த்ததை வாலிபர் இதழுக்காக எழுதுகிறோம். கைத்தொலைபேசியைக் கீழே வையுங்கள் என்று புத்தி சொல்ல இதை எழுதவில்லை. பனிக்காலத்தில் வீட்டைவிட்டு வெளிக்கிட முடியாத முதியவருக்கு அந்தக் குழுமம்தான் சபை. அங்கே நாம் எப்படிக் கதைக்கிறோம் என்பதுதான் எங்கள் கவலை.

போன வருஷம் எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி குழுமத்தில் ஒரு கேள்வி போட்டாள். "திருவிருந்தில் எல்லாரும் ஒரே அப்பத்தில் பங்கெடுக்கிறோம். கல்யாணம் பேசும்போது மட்டும் எந்த ஊர், யாருடைய ஆட்கள் என்று ஏன் விசாரிக்கிறோம்?" பத்தொன்பது வயது. ஆங்கிலத்தில், மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள். உடனே இரண்டு கூப்பிய கைகள் வந்தன. பிறகு ஒரு பூப்படம், காலை வணக்கத்தோடு. பிறகு யாரோ ஒருவர் வேறெங்கோ இருந்து வந்த ஒரு சாட்சிக் காணொளியை அனுப்பினார். கடைசியில் ஒரு வரி: "பிள்ளை, இது இங்கே கதைக்கிற விஷயம் இல்லை." அன்று மாலை அவள் குழுமத்தை விட்டு விலகிவிட்டாள்.

யாரும் அவளைத் திட்டவில்லை. அதனால் ஒன்றும் நடக்கவில்லை என்று பலர் நினைத்தார்கள். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று எங்களுக்குப் பழக்கமான ஒரு சொல் இருக்கிறது. குழுமத்தில் அது பெரும்பாலும் பொய். நூற்றைம்பது பேர் இருக்கும் இடத்தில் பத்துப் பேர் ஆமென் போட்டால், மிச்ச நூற்று நாற்பது பேரும் ஒத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம் இல்லை. கேட்டால் என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டு அவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவளைப் பார்த்துக்கொண்டிருந்த மற்றப் பிள்ளைகளும் அன்று அதைத்தான் கற்றிருப்பார்கள்.

கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால் அது எங்கே போகும் என்பதை நாங்கள் முதலில் பார்த்தது 2021 இல். அந்த வருஷம் ஜனவரி 9 முதல் மே 28 வரை கியூபெக்கில் இரவு ஊரடங்கு. சபையார் ஒருவரையொருவர் பார்த்த இடம் பெரும்பாலும் வட்ஸ்அப்தான். ஒரு அன்ரி கேட்டா: "அஸ்ராசெனிகா ஊசி போடலாமோ? இரத்தம் கட்டிபடுது எண்டு சொல்லுகினம்." ஒருவர் தடுப்பூசியே விஷம் என்று ஒரு காணொளி அனுப்பினார். இன்னொருவர், படித்தவர், "விஞ்ஞானம் தெரியாமல் கதைக்காதேங்கோ" என்று எழுதினார். அன்ரி பிறகு குழுமத்தில் ஒன்றும் எழுதவில்லை.

ஆனால் அவ கேட்டது நியாயமான கேள்வி. அந்த ஊசிக்குப் பிறகு மிக அரிதாகச் சிலருக்கு இரத்தம் உறைந்து கட்டியாவது தெரிய வந்ததால், மார்ச் 29 அன்று கனடாவில் 55 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அதை நிறுத்தி வைத்தார்கள். மே 13 அன்று கியூபெக் அந்த ஊசியை முதல் தடவையாகப் போடுவதை நிறுத்தியது. கட்டி வருவது உண்மை. அது மிக அரிது என்பதும் உண்மை. வேறு தடுப்பூசி இருந்தது என்பதும், வயது கூடியவரைக் கோவிட் பிடித்தால் ஆபத்து மிகப் பெரிது என்பதும் உண்மை. இந்த நான்கையும் சேர்த்துச் சொல்லப் பத்து நிமிஷம் வேண்டும். பரிகாசம் செய்ய ஒரு நிமிஷம் போதும்.

சில நாட்களுக்குப் பிறகு அன்ரியே எங்களில் ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தா. நீண்ட நேரம் கதைத்தா. கடைசியில் வேறு தடுப்பூசி போட்டுக்கொண்டா. இடையில் அவ சொன்ன ஒரு வசனத்தை நாங்கள் மறக்கவில்லை. அந்தக் காணொளியை அனுப்பியவரைத் தான் ஏன் கொஞ்சம் நம்பினேன் என்று சொன்னா: "அவராவது எனக்குப் பதில் சொன்னார்."

தம்பி தங்கைகளே, வதந்தி பலம் பெறுவது இப்படித்தான். கேட்பவருக்கு ஒருவர் நக்கலும் இன்னொருவர் கவனமும் கொடுத்தால், கேட்பவர் கவனம் கொடுத்தவர் பக்கம் சாய்வார். சரியான தகவல் எங்கள் கையில் இருந்தால் மட்டும் போதாது.

வதந்தி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். 2018 இல் தமிழ்நாட்டில், வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் வந்திருக்கிறது என்று வட்ஸ்அப்பில் செய்தி பரவியது. மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூர் கிராமத்துக்குச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் காரில் வந்தது. குலதெய்வக் கோயிலுக்கு வழி விசாரித்தார்கள். அங்கே நின்ற பிள்ளைகளுக்குச் சொக்கிலேற் கொடுத்தார்கள். கூட்டம் கூடி அவர்களை அடித்தது. 65 வயதான ஒரு தாய் இறந்துபோனா. அவர்கள் தமிழர், அடித்தவர்களும் தமிழர். அந்தச் செய்தியை அனுப்பியவர்களில் பலர் நல்லெண்ணத்தோடுதான் அனுப்பியிருப்பார்கள், பிள்ளைகளைக் காப்பாற்ற.

அந்த வருஷம் இந்தியாவின் பல மாநிலங்களில் இப்படி உயிர்கள் போன பிறகு, ஜூலையில் வட்ஸ்அப் நிறுவனம் அங்கே ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி மாற்றியது. 2019 ஜனவரியில் அது உலகம் முழுவதற்கும் வந்தது. 2020 ஏப்ரலில், ஏற்கெனவே பல கை மாறிய செய்தியை ஒரு தடவையில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்றாக்கினார்கள். அதன்பின் அப்படிப்பட்ட செய்திகளின் முன்னனுப்பல் 70 வீதம் குறைந்தது என்று அந்த நிறுவனமே சொன்னது. யாருக்கும் புத்தி சொல்லவில்லை, எந்தச் செய்தியையும் அழிக்கவில்லை. விரலுக்கு ஒரு சின்னத் தடை, அவ்வளவுதான். அந்த இடைவெளியில் பலர் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். யாக்கோபு நிருபம் முதலாம் அதிகாரம் 19ஆம் வசனத்தை ஞாயிறு பாடசாலையில் மனப்பாடம் செய்தவர்களுக்கு, எதில் வேகம் வேண்டும், எதில் தாமதம் வேண்டும் என்று தெரியும்.

அப்படியானால் குழுமத்தையே பூட்டிவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். நிர்வாகிகள் மட்டும் எழுதலாம் என்று வைத்துவிட்டால் சண்டையும் இல்லை, வதந்தியும் இல்லை. இதற்கும் எங்களுக்கு ஒரு அனுபவம் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு, நீர்கொழும்பு, மட்டக்களப்பு என்று குண்டுகள் வெடித்தன. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடித்து நின்ற பிள்ளைகளும் இறந்தார்கள். பொய்ச் செய்தி பரவாமல் தடுக்க இலங்கை அரசாங்கம் அன்றே பேஸ்புக், வட்ஸ்அப் போன்றவற்றை முடக்கியது. அதற்குக் காரணம் இருந்தது. முந்தின வருஷம் கண்டிப் பக்கத்தில் முஸ்லிம் மக்களுக்கு எதிராக வன்முறை நடந்தபோது அவை என்ன செய்தன என்று எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் மொன்றியலில் இருந்த குடும்பங்களுக்கு அந்த நாள் எப்படி இருந்தது? தம்பி உயிரோடு இருக்கிறானா என்று கேட்க வழியில்லை. பழைய தொலைபேசி அட்டைகளைத் தேடி எடுத்து விடிய விடிய இலக்கம் அழுத்தினோம். பூட்டினால் பொய் மட்டும் நிற்பதில்லை, தேவையான கேள்வியும் நின்றுவிடுகிறது.

ஓட விட்டாலும் ஆபத்து, பூட்டினாலும் ஆபத்து என்றால் வழி என்ன? எங்களுக்குத் தெரிந்த வழி வேலைத்தளத்தில் இருந்து வருகிறது.

இரவு இரண்டு மணிக்கு ஒரு நோயாளிக்கு மருந்து மாற்ற வேண்டும். வைத்தியர் தொலைபேசியில் மருந்தின் பெயரையும் அளவையும் சொல்கிறார். தாதி அதை எழுதிக்கொண்டு, எழுதியதைத் திருப்பி வாசிக்க வேண்டும். அவர் "சரி" என்ற பிறகுதான் மருந்து. இது அவமரியாதை இல்லை. பதினைந்தும் ஐம்பதும் காதில் ஒன்றுபோல விழலாம் என்பதால் வந்த ஒழுங்கு. காதில் விழுந்தது வேறு, விளங்கியது வேறு.

இன்னொன்று, வேலை கைமாறும்போது சொல்லும் அறிக்கை. கண்டதையும் நினைத்ததையும் கலக்கக் கூடாது என்று எங்களுக்குப் படிப்பித்தார்கள். "நோயாளி குடித்திருக்கிறார்" என்று சொல்லக் கூடாது. "தள்ளாடி நடக்கிறார், பேச்சுக் குழறுகிறது, வியர்க்கிறது" என்று சொல்ல வேண்டும். அது குடியாகவும் இருக்கலாம். சீனி குறைந்ததாகவும் இருக்கலாம், பாரிசவாதமாகவும் இருக்கலாம். குடி என்று முத்திரை குத்திவிட்டால் அடுத்து வருபவர் சீனியைச் சோதிக்க மாட்டார். ஒரு மனிதர் அதனால் சாகலாம்.

குழுமத்திலும் இதே இரண்டு பிழைதான் நடக்கிறது. அந்தப் பிள்ளை கேட்டது ஒரு கேள்வி. சிலர் வாசித்தது "இவள் பெரியவர்களைக் குற்றம் சாட்டுகிறாள்" என்று. அன்ரி எழுதியது ஒரு பயம். ஒருவர் வாசித்தது "இவவுக்குப் படிப்பில்லை" என்று. எழுதப்பட்டதை விட்டுவிட்டு, எழுதியவருக்கு நாங்கள் வைத்த பெயருக்குப் பதில் சொல்கிறோம். மூன்று மொழிகள் கலக்கும் இடத்தில் இது இன்னும் மோசம். பிள்ளைகள் ஆங்கிலத்தில் சாதாரணமாக எழுதும் "ஏன்", தமிழில் மொழிபெயர்த்து வாசிக்கும்போது எதிர்த்துக் கேட்பது போலத் தெரிகிறது. பெரியவர்கள் தமிழில் அன்பாகச் சொல்லும் "உனக்குத் தெரியாது பிள்ளை", பிள்ளைகளுக்கு வாயை மூடு என்று கேட்கிறது.

இது எங்கள் காலத்தில் புதிதாக வந்த சிக்கல் இல்லை. 1841 இல் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் "உதயதாரகை" என்ற பத்திரிகையைத் தொடங்கியது. தமிழும் ஆங்கிலமும் அதில் சேர்ந்தே இருந்தன. ஹென்றி மார்ட்டின், செத் பேசன் என்ற பெயர்கள் கொண்ட இரண்டு தமிழர்கள் அதன் ஆசிரியர்கள். கிறிஸ்தவப் பத்திரிகைதான், ஆனாலும் சைவர்கள் எழுதிய மறுப்புக் கடிதங்களும் அதில் அச்சாயின, அவற்றுக்குப் பதிலும் அச்சானது. இரண்டு பக்கமும் கடுமையாகத்தான் எழுதினார்கள். ஆனால் ஒருவர் எழுதியதை மற்றவர் முழுதாக வாசித்து, அதன் ஒவ்வொரு நியாயத்துக்கும் பதில் எழுத வேண்டியிருந்தது. அடுத்த இதழ் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியிருந்தது. தொழில்நுட்பம் அவர்கள்மேல் சுமத்திய தாமதத்தை நாம் இன்று விரும்பித் தெரிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

வேதத்திலும் இதற்கு ஒரு மாதிரி இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் 15ஆம் அதிகாரத்தை ஒருமுறை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். சபையைப் பிளக்கக்கூடிய ஒரு கேள்வி. அதை மூடி வைக்கவில்லை. கூடினார்கள், மிகுந்த தர்க்கம் நடந்தது, பேதுரு பேசினார், பர்னபாவும் பவுலும் பேசியபோது கூட்டம் அமைதியாகக் கேட்டது. கடைசியில் ஒரு கடிதம் எழுதினார்கள். கடிதத்தை மட்டும் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அதில் உள்ளதை வாயாலும் விளக்கிச் சொல்ல யூதாவையும் சீலாவையும் கூடவே அனுப்பினார்கள். எழுத்து மட்டும் போனால் பிழையாக விளங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இவற்றை வைத்து எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் சில ஒழுங்குகளைச் செய்தோம். போதகர் ஐயாவும் சம்மதித்தார்.

முதலாவது, இரண்டு குழுமங்கள். அறிவித்தலுக்கு ஒன்று; அதில் நிர்வாகிகள் மட்டும் எழுதலாம். கலந்துரையாடலுக்கு இன்னொன்று, விரும்பியவர்கள் சேரலாம், யாரும் எழுதலாம். மரண அறிவித்தலுக்குக் கீழே வாக்குவாதம் வருவது அதோடு நின்றது.

இரண்டாவது, ஒரு வாரத்துக்கு ஒரு கேள்வி. கேள்வி மூன்று மொழியிலும் போடப்படும். போட்ட நாளிலிருந்து இரண்டு நாளுக்கு யாரும் பதில் எழுதக் கூடாது. மூன்றாம் நாள் தொடங்கலாம். குரல் பதிவு இரண்டு நிமிஷத்துக்குள். பிள்ளைகள் பெரியவர்களின் குரல் பதிவைச் சுருக்கி ஆங்கிலத்தில் எழுதுவார்கள், நாங்கள் பிள்ளைகள் எழுதியதைத் தமிழில் சொல்லுவோம்.

மூன்றாவது, மறுப்பதற்கு முன் திருப்பி வாசிப்பது. "நீங்கள் சொல்வது இதுதானா?" என்று ஒரு வரி. எழுதியவர் "ஓம்" என்ற பிறகு மறுக்கலாம். எவ்வளவு வேண்டுமானாலும் மறுக்கலாம். இந்த ஒரு வரியிலேயே பாதிச் சண்டை முடிந்துவிடுகிறது, ஏனென்றால் பெரும்பாலும் பதில் "இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை" என்றுதான் வருகிறது.

நான்காவது, முன்னனுப்பும் செய்தியோடு அனுப்புகிறவரின் சொந்த வரி ஒன்றாவது வர வேண்டும்: இது எங்கிருந்து வந்தது, எப்போதைய செய்தி, நான் முழுதாக வாசித்தேனா. 2023 ஓகஸ்ட் முதல் கனடாவில் பேஸ்புக்கிலும் இன்ஸ்டகிராமிலும் செய்தி நிறுவனங்களின் இணைப்புகள் வருவதில்லை. புதிய செய்திச் சட்டத்தின்படி பணம் கொடுக்க மறுத்து மெட்டா நிறுவனம் அவற்றை நிறுத்திவிட்டது. ஆகவே அங்கே நீங்கள் காணும் "செய்தி" பெரும்பாலும் யாரோ ஒருவருடைய சுருக்கம், அல்லது கத்தரித்த படம். மூலத்தைத் தேடிப் போக வேண்டிய வேலை இப்போது நம்முடையது.

ஐந்தாவதைத் தாதியராக நாங்கள் அழுத்திச் சொன்னோம். ஒருவருடைய நோயை அவருடைய அனுமதி இல்லாமல் ஜெபக் குறிப்பாகப் போடக் கூடாது. "இன்னாருக்குப் புற்றுநோய், ஜெபியுங்கள்" என்பது அன்பினால் வருவதுதான். ஆனால் அவருடைய பிள்ளைகளுக்கே அவர் இன்னும் சொல்லாமல் இருக்கலாம். கடவுளுக்குப் பெயர் தெரியும். குழுமத்துக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

கடைசியாக, ஒரு கேள்வியைத் தனியே நிற்க விடுவதில்லை. பதில் தெரியாவிட்டாலும் "உங்கள் கேள்வியை வாசித்தோம், யோசிக்கிறோம்" என்று ஒருவராவது அன்றே எழுத வேண்டும். மனவருத்தம் என்று தெரிந்தால் குழுமத்தில் எழுதாமல் தொலைபேசி எடுக்க வேண்டும்.

இந்த ஒழுங்குகளோடு அந்தப் பிள்ளையிடம் போய்க் கேட்டோம், உன் கேள்வியைத் திரும்பப் போடலாமா என்று. இரண்டு வாரம் யோசித்து, பெயர் போடாமல் போடுங்கோ என்றாள். பதினொரு பதில்கள் வந்தன. ஒரு தாய், சாதி பார்க்கவில்லை, குடும்பம் எப்படி என்றுதான் விசாரிக்கிறோம் என்றா. ஒரு பையன் அதைத் திருப்பி வாசித்துவிட்டு, "அப்படியானால் எந்தப் பதில் வந்தால் பேச்சு நின்றுவிடும்?" என்று கேட்டான். அந்தத் தாய் ஒரு நாள் கழித்து எழுதினா: "நீ கேட்டது சரி, தம்பி. அந்தப் பதிலை நான் மனதில் வைத்திருக்கிறேன்." எண்பது வயதைத் தாண்டிய ஒரு ஐயா தன் குரல் பதிவில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசைப் பற்றிச் சொன்னார். 1924 இல் ஹண்டி பேரின்பநாயகமும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய சங்கம், மாணவர்களும் இளைஞர்களும் சேர்ந்தது. சாதி வித்தியாசம் இல்லாமல் சேர்ந்து உண்பதையும், பாடசாலையில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக உட்காருவதையும் ஆதரித்தவர்கள். 1930ஐ ஒட்டிய காலத்தில் அந்தச் சம ஆசனத்தை எதிர்த்துப் பாடசாலைகளைக் கொளுத்தினார்கள் என்றும் சொன்னார். எங்கள் பிள்ளைகள் ஒருவரும் இதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. யாரும் கேட்காததால் அவரும் இதுவரை சொல்லவில்லை.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுத மாட்டோம். ஒரு குடும்பம் கலந்துரையாடல் குழுமத்தை விட்டு விலகியது. அவர்களோடு இன்னும் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பிள்ளை பெரிய குழுமத்துக்குத் திரும்பவில்லை; கலந்துரையாடல் குழுமத்தில் இருக்கிறாள், இப்போது ஐயாவின் குரல் பதிவுகளை ஆங்கிலத்தில் எழுதுவது அவளுடைய வேலை. கல்யாணம் பேசும் முறை ஒரு குழுமத்தால் மாறப்போவதில்லை. ஆனால் அது கதைக்கக் கூடாத விஷயம் என்று இனி எங்கள் சபையில் ஒருவரும் சொல்ல முடியாது.

உங்களிடம் ஒன்று கேட்கிறோம். இந்த வாரம் உங்கள் குடும்பக் குழுமத்தையோ நண்பர் குழுமத்தையோ திறந்து, மேலே கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். பூப்படங்களுக்கும் காணொளிகளுக்கும் நடுவே யாரோ ஒருவர் எதையோ கேட்டிருப்பார், ஒருவரும் பதில் எழுதியிருக்க மாட்டார்கள். ஒரு பெரியம்மா மருந்தைப் பற்றிக் கேட்டிருக்கலாம். ஒரு மச்சான் வேலை போனதைப் பாதி சொல்லி நிறுத்தியிருக்கலாம். நாள் கடந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவருக்குத் தொலைபேசி எடுத்து, அவர் எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டி, "இதைத்தானே கேட்டீர்கள்?" என்று கேளுங்கள். பிறகு அவரைக் கதைக்க விடுங்கள்.